பேரும் நட்சத்திரமும் போதும்

என் தங்கை செண்பகத்துக்குச் சரித்திரம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளமாக வரும். நிறுத்தத்தான் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அழுகைதான்.

அப்போது உலக யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. நானும் என் மனைவி பார்வதியும் செண்பகமும் அதில் இருந்தோம். நான் குர்லாவில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தேன். செண்பகம் சிறு வயதிலேயே கணவனை இழந்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் நிற்கவில்லை. இங்கே வந்து மேலே படித்தாள். ஏழாம் வகுப்புப் பரீட்சையில் தேறினால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை தருவதாகத் தலைமை ஆசிரியை வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் தடவை சரித்திரத்தில் தவறிவிட்டாள். முதலாம் பானிபட் யுத்தம் யாருக்கும் யாருக்கும் இடையில் நடந்தது, அதன் பலன் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வரியில் எழுத வேண்டிய விடை. இவளோ பாபரின் தகப்பனார் புறாக்கூண்டோடு சரிந்து விழுந்து இறந்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். சின்ன வயதில் தகப்பனை இழந்த பிள்ளை, ஊரை இழந்தது, மலையில் அலைந்தது, பனியில் நடந்தது. பாபர் இந்தியாவுக்குள் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மற்ற கேள்விகளில் பாதியை அவள் தொடவே இல்லை.

"சுருக்கமா எழுதேன்ட்டி" என்பேன்.

"சுருக்கமா எழுதுனா, இவளுக்கு ஒண்ணுந் தெரியலன்னுல்லா அண்ணே நெனைச்சிருவாவ" என்பாள்.

அதற்குமேல் எனக்குப் பேச வராது. நான் பிறவியிலேயே கூச்சக்காரன். எதிரில் ஆள் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த மாசியில் அவள் கணவரின் அண்ணன் பம்பாய்க்கு வந்தார். எங்கள் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பும் கிடிப்பும்? வீட்டுல மாட்டப் பாக்க ஆளில்ல. இந்தத் தடவையும் போச்சுன்னா அனுப்பி வச்சிருங்க" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு செண்பகம் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பிரார்த்தனை. ரயிலில் நிற்கும்போதும், பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலும், "முருகா, அவளுக்கு அறிவு வேண்டாம், அது நிறைய இருக்கிறது. அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் நிறுத்து" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் கிருத்திகை. இரண்டு பேரும் தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்து, முருகன் சன்னிதியில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றோம். நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"செண்பகம், உத்திரம். சாமி, நாளைக்கு எனக்குப் பரீட்சை. போன வருசம் சரித்திரத்துல போயிட்டு. தெரியாம இல்ல சாமி, எல்லாந் தெரியும். பாபர்ல ஆரம்பிச்சேனா, அவரு அப்பா புறாக்கூண்டுல..."

எனக்குத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பின்னால் நின்ற ஒரு மாமி, "ஏம்மா, காலட்சேபம் சாயங்காலம்னா போட்டிருக்கா? இப்பவே ஆரம்பிச்சுட்டியே" என்றார். வரிசையே சிரித்தது. செண்பகம் விடுவதாக இல்லை. ஊரில் அவளுக்காகக் காத்திருக்கும் மாடு வரைக்கும் வந்துவிட்டாள்.

குருக்கள் கையைக் காட்டி நிறுத்தினார். "பேரு சொல்லியாச்சு, நட்சத்திரம் சொல்லியாச்சு, போறும். மீதியெல்லாம் அவருக்குத் தெரியாதா? பின்னாடி எத்தனை பேர் நிக்கறா பாருங்கோ." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மாதமாக நான் கேட்டது என்ன, இங்கே நடந்தது என்ன? நிறுத்து என்று கேட்டேன். நிறுத்திவிட்டான்.

திரும்பும்போது செண்பகம் பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து நான் பார்த்ததே இல்லை. கோபமோ என்று பயந்தேன். ரயில் பாலத்தில் ஏறும்போது நின்றாள்.

"அண்ணே, பேப்பர் திருத்துதவருக்கும் கதை தெரியும்லா?"

"தெரியாமலா திருத்தப்போறாரு?"

"அப்ப நான் இத்தன நாளும் யாருக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் பார்வதி கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். பார்வதி எழுத்துக்கூட்டிப் பானிபட்டைக் கேட்டாள்.

"பாபருக்கும் இப்ராஹிம் லோடிக்கும். பாபர் வென்றார். டில்லியில் முகலாயர் ஆட்சி தொடங்கியது."

பார்வதி காத்திருந்தாள். "புறாக்கூண்டு?"

"அதக் கேக்கலையே மதினி."

"பாவம், அந்தப் பிள்ள என்னாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதாக்கும்" என்று பார்வதி புத்தகத்தை மூடிவிட்டாள். அவளுக்கு மெய்யாகவே வருத்தம்.

பரீட்சை செம்பூர்ப் பக்கம் நடந்தது. நான் பட்டறையில் சொல்லிவிட்டு, தயிர்சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றேன். போன வருஷம் இதே இடத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தது கண்ணிலேயே நின்றது. மணி அடித்தது. வந்தாள்.

"எப்படிட்டி?"

"எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். இன்னும் சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. தெரு என்றும் பாராமல் அழுதுவிட்டேன். "தூக்க இப்படிக் குடு, கொட்டப்போகுது" என்று அவள் வாங்கிக்கொண்டாள். ரயிலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆரம்பித்தாள். பரீட்சையில் எழுதாமல் விட்டதையெல்லாம் தாராவி வரும் வரைக்கும் சொன்னாள். நானும் ஆசையாகக் கேட்டேன்.

தேறிவிட்டாள். வேலையும் கிடைத்தது. அது தெரியாமல் அவள் கணவரின் அண்ணன் அழைத்துப்போக வந்தார். "என்ன, கெளம்பிட்டாளா?" என்றார். முருகனை நினைத்துக்கொண்டேன். "அனுப்பமாட்டேன். அவ இங்க டீச்சர்" என்றேன். மேலே ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தார். எனக்கும் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார். பார்வதி அன்றைக்கு எனக்கு இரண்டாவது டம்ளர் காப்பி தந்தாள். ரேஷன் சர்க்கரை இருந்த நிலைமையில் அது பெரிய மரியாதை.

எங்கள் தெருப் பஜனைக்கு வரும் அன்பர்கள் இதை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். என்னால் ஆகாது. அதனால் எழுதியிருக்கிறேன். பேசத் தெரியாதவன் வேண்டுதல் சாமிக்கு எட்டாது என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை.

செண்பகம் இப்போது வகுப்பில் புறாக்கூண்டுக் கதையை முழுவதுமாகச் சொல்கிறாள். பிள்ளைகள் மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லையாம். பரீட்சை என்று வந்தால் மட்டும், "கேட்டதுக்கு மட்டும் எழுதுங்க, மீதி அவருக்குத் தெரியும்" என்பாளாம்.

உங்களுக்கும் மனதில் ஏதாவது பாரம் இருக்கும். எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று வாசலிலேயே நின்றுவிட வேண்டாம். உள்ளே போங்கள். பேரைச் சொல்லுங்கள், நட்சத்திரத்தைச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவருக்கு வழி விட்டு வாருங்கள். அவன் பார்த்துக்கொள்வான்.