கார் வர முடியாத பௌர்ணமி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசிப் பௌர்ணமி. திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் மனைவி படுத்திருந்தாள். முதுகுத்தண்டில் கட்டி. வலது கால் மரத்துக்கொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் அவள் பாதத்தில் நகத்தால் கீறி, "தெரியுதா?" என்பேன். "தெரியுது" என்பாள். அந்தப் பதில் நாளுக்கு நாள் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்துக்குள்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு அரசு காப்பீட்டு அட்டை இருந்தது. அனுமதிதான் வரவில்லை. ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் இருந்தவர் தினமும் கையை விரித்தார். "கம்பெனிக்காரன் குடுக்கல சார், நாங்க இன்னா பண்றது?" காப்பீட்டை நடத்துகிற கம்பெனியில் கேட்டால், புது ஸ்கேன் இன்னும் எங்களுக்கு வரவே இல்லை என்றார்கள். வேறு ஊருக்குத் தூக்கிப் போகலாமென்றால், வண்டி குலுங்கினாலே காலுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு வழி தெரியாமல், ஆஸ்பத்திரிக்குள் நின்றபடியே காப்பீட்டுப் புகார் எண்ணுக்குப் பேசினேன்.

பேசிவிட்டு நிமிர்வதற்குள் கவுன்ட்டரில் போன் அடித்தது. அவர் எடுத்தார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆமா சார், இங்கதான் நிக்கிறாரு."

போனை வைத்துவிட்டுச் சிரித்தார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "எதுக்கு சார் மேல போயிட்டு? எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே."

மனைவியிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போனது. "இன்னாங்க பண்ணிட்டு வந்திருக்கீங்க? நாளைக்குக் கத்தி அவங்க கையிலதானே இருக்கப் போவுது?"

அதன்பிறகு ஊசி போட வருகிற ஒவ்வொரு கையையும் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸை வெறித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அன்பாகப் பேசினால் ஏன் அன்பு என்று பயம். பேசாமல் போனால் ஏன் மௌனம் என்று பயம்.

என் புகாரை விசாரிக்கக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வருவதாகச் சொன்னார்கள். பக்கத்துப் படுக்கையில் மாமியாருக்குத் துணையிருந்த பெண் வாழைப்பழம் உரித்தபடியே சிரித்தாள். "இன்னாண்ணா நம்பிக்கினு இருக்கீங்க? ஆஸ்பத்திரி காரு போயி அந்தம்மாவ இட்டாரும். ஆஸ்பத்திரி ரூம்ல உக்காந்து, ஆஸ்பத்திரி டீய குடிச்சிட்டு, குறை ஒண்ணும் இல்லியேன்னு கேப்பாங்க. பேஷண்ட்ட உள்ள படுக்க வச்சிட்டு எவன் குறை இருக்குதுன்னு சொல்வான்? எங்க வீட்டுக்காரரும் வீறாப்பாத்தான் போனாரு. ரொம்ப நல்லா பாத்துக்கிறாங்கன்னு சொல்லிட்டு, ரெண்டு பிஸ்கட்டும் துன்னுட்டு வந்தாரு."

அந்த விசாரணை நாள்தான் பௌர்ணமியாக அமைந்தது.

கஞ்சி வாங்க வெளியே வந்தேன். கிரிவலப் பாதையில் வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். மலையைச் சுற்றுகிற ஜனம் மட்டும் வெறுங்காலோடு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஓர் இளம்பெண் வந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். அழைத்துவந்த ஆஸ்பத்திரி கார் தடுப்புக்கு அந்தாண்டையே நின்றுவிட்டதாம்.

"விசாரணைக்கு வர்ற மேடமா? புகார் குடுத்தது நான்தாங்க" என்றேன்.

அவர் சட்டென்று சுற்றும்முற்றும் பார்த்தார். "நிக்காதீங்க சார். நடந்துகிட்டே சொல்லுங்க. என்னப் பாக்காதீங்க, மலையப் பாருங்க."

கும்பிட வந்தவர்களைப் போல அந்தக் கூட்டத்தோடு நடந்தோம். மலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பயமாயிருக்கிறது என்றும் சொன்னேன்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சீங்களா?" என்றார். "புகார விசாரிக்கிறது நான். எனக்குச் சம்பளம் குடுக்கிறது அந்தக் கம்பெனி. வருஷா வருஷம் அவங்க புதுப்பிச்சாத்தான் வேலை. குறைன்னு ஜாஸ்தி எழுதினா, உன் கண்ணுக்கு மட்டும் ஏம்மா எல்லாம் தெரியுதுன்னு கேக்கறாங்க."

எனக்கு நியாயம் சொல்ல வந்தவரும் என்னைப் போலவே இன்னொருவர் கையில் எதையோ ஒப்படைத்துவிட்டு நின்றார்.

வாசல் வருவதற்குள் விலகி முன்னால் போனார். "உள்ள நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நானே கேக்கறேன்."

அறையில் டீ, பிஸ்கட், ஏசிக் குளிர். கவுன்ட்டர்காரர் என் தோளில் கைபோட்டு, "சாருக்கு ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார். அந்தக் கை கனத்தது.

மேடம் டீயைத் தொடவில்லை. "புது ஸ்கேன எப்ப அனுப்பினீங்க?"

"சர்வர் பிரச்சினை மேடம். சாயந்திரம் அனுப்பிடறோம்."

"இப்பவே அனுப்புங்க. அது போற வரைக்கும் உக்காந்திருக்கேன். எப்படியும் எனக்குத் திரும்பிப் போக வண்டி இல்லியே."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மேசைக்கு அடியில் அவர் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன. அது என் பக்கத்திலிருந்து மட்டும் தெரிந்தது.

ஸ்கேன் போனது. அனுமதியும் வந்தது. தியேட்டர் கதவு மூடிக்கிடந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நான் புகார் கொடுத்ததே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. நல்ல கைகள். நல்ல கைகளைப் பார்த்தும் நடுங்க வைத்திருந்தது அந்த ஏற்பாடு. என் மனைவி இப்போது மெதுவாக நடக்கிறாள்.

மேடத்துக்கு நன்றி சொல்லக் கம்பெனிக்குப் போன் செய்தபோது வேறொரு குரல். "அந்த மேடம் இப்ப இல்லீங்க. புதுப்பிக்கல." ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். எங்களால்தானா? எனக்கும் தெரியாது. பல நாள் அந்தத் தெரியாமையோடுதான் படுத்தேன், எழுந்தேன்.

ஒரு திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். புகாரை விசாரிக்கிறவருக்குக் கம்பெனியும் ஆஸ்பத்திரியும் சம்பளம் தரக்கூடாது. உண்மையை எழுதினார் என்பதற்காக அவரை யாரும் அனுப்பிவிடக் கூடாது. உட்கார அவருக்கென்று தனி இடம் வேண்டும். வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே சார், இன்னும் இன்னா குறை?"

அன்று மனுவுக்கு ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: எல்லோருக்கும் ஒரு தைரியசாலி வந்து சேரமாட்டார். பயந்த ஒருவர் உட்கார்ந்தாலும், உண்மையை எழுதிவிட்டு மறுநாள் அதே வேலைக்கு வர முடிகிற ஒரு நாற்காலி இந்த ஊரில் போடப்படும்வரை, என் பயம் என்னை விட்டுப் போகாது.