சராசரிப் பொத்தான்

ஆபீசில் அவளுக்கு இரைச்சலக்கா என்று பெயர். வாயாடி என்பதால் அல்ல. பதினோரு வருடமாக மின்னழுத்தத்தில் இருக்கும் இரைச்சலைப் பற்றியே புலம்பிக்கொண்டிருப்பதால். சின்னப் பேட்டரியில் ஓடும் ஒயர்லெஸ் சென்சார்களுக்குச் சீராக மின்சாரம் ஊட்டும் சர்க்யூட் அவள் கைவேலை. சென்சார் பெரும்பாலும் தூங்கும். விழித்து ரேடியோவில் செய்தி அனுப்பும்போது ஆயிரம் மடங்கு கரண்ட் கேட்கும். கண்ணிமைப்பதற்குள் கொடுக்காவிட்டால் மயங்கி விழுந்துவிடும். அடித்துப் பிடித்துக் கொடுத்தாலோ அழுத்தம் நடுங்கும்; இரைச்சல் என்பது அதுதான். அந்த நடுக்கத்தில் சென்சார் வாய்க்கு வந்ததை உளறும்.

இந்த முறை செய்தது, குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கசிந்தால் சொல்லவேண்டிய பெட்டி. அந்தக் கிடங்கில்தான் அவள் தம்பி மெக்கானிக். நடுக்கம் இன்னும் அடங்கவில்லை, சின்னக் கசிவு அதில் காணாமல் போய்விடும், போர்டை மாற்றிப் போட இரண்டு வாரம் வேண்டும் என்று மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிடங்கின் அதிகாரி சோதனை பார்க்க வந்தார். மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் திரையில் அது நூல் பிடித்த மாதிரி ஓடியது. மேனேஜர் சராசரிப் பொத்தானை அமுக்கி வைத்திருந்தார். அறுபத்துநான்கு அலைகளைக் கூட்டி வகுத்தால் நடுக்கம் திரையில் நிற்காது. பெட்டிக்குள் மட்டும் அப்படியே இருக்கும். இந்தத் திருட்டுத்தனத்தைச் செய்துவிட்டு மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் பொத்தானை விடுவித்தாள். கோடு கம்பளிப்பூச்சியாகத் தடித்தது. சின்னக் கசிவு இதற்குள் மறைந்துவிடும் என்று அதிகாரியிடம் நேராகவே சொன்னாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி திரையை ஒரு முறை பார்த்தார், கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார்.

"முன்னாடி இருந்த படத்தையே ரிப்போர்ட்ல வச்சிடுங்கம்மா. எங்க மேலிடத்துக்கு அதுதான் புரியும்."

கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் போடாவிட்டால் என்ன, பக்கத்து மேசைக்காரர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். அந்த அறையில் அவர்களோடு மூச்சு விட்டதே அசிங்கமாக இருந்தது. படிக்கட்டில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள்.

"புதுப் பெட்டி ஒண்ணு வரும். அதை நம்பாதடா. லேசா வாடை அடிச்சாலும் வெளியே ஓடி வந்துடு."

"அப்ப அந்தப் பெட்டி எதுக்குக்கா?"

"சுவத்துல மாட்டத்தான்."