சீட்டுக்குப் பின்னால் எத்தனை கிலோ

என் வீட்டுக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் 'எடைக்கல்' என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் இருபது கிலோ, மொத்தம் இருபத்தைந்து இரும்புக் கற்கள். அவற்றைச் சின்ன பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலை ஆலையாக, கிடங்கு கிடங்காகப் போய், அங்கே உள்ள தராசுகள் உண்மையைத்தான் சொல்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டம் சாதாரணம். போகும்போதும் அரை டன், வரும்போதும் அரை டன். மற்ற வண்டிகளாவது சரக்கை இறக்கிவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடும். இவர் வண்டிக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

எதையும் நிறுத்துப் பார்க்காமல் அவரால் நம்ப முடியாது. கல்யாணமான புதிதில், தலைக்குக் குளித்தால் ஈரத்தில் எத்தனை கிராம் கூடும் என்று தெரிந்துகொள்ள, குளிக்கும் முன்னும் பின்னும் என்னைத் தராசில் நிற்கச் சொன்ன மனிதர். நானும் ஏறி நின்றேன். வயசு அப்படி.

நான் வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பவள். வீட்டு முன்பக்க ஷெட்டில் இரண்டு தையல் மெஷினும் நீளமான வெட்டு மேஜையும் இருக்கின்றன. டிரைவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், சீட்டைக் கழற்றித் தருவார்கள், நான் அளவெடுப்பேன். ஊரில் ஓடுகிற பாதி பிக்கப்புகள் என் தையலின் மேல்தான் உட்கார்ந்து போகின்றன.

போன வருஷம் எங்கள் பழைய வண்டி இரண்டு முறை வழியில் நின்றுவிட்டது. முதல் முறை பெல்ட் அறுந்தது. இரண்டாவது முறை ரேடியேட்டர் ஒழுகி, பட்டப்பகலில், நிழலுக்கு ஒரு மரமில்லாத சாலையில் நான்கு மணி நேரம் நின்றார். அன்று போக வேண்டிய மாவாலையில் தராசு சரியென்று குத்திய முத்திரையின் கெடு முடிந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க அவர்களால் ஒரு மூட்டைகூட நிறுக்க முடியவில்லை. வேலை கொடுக்கிற மேற்பார்வையாளர் கூப்பிட்டு, மூன்றாவது முறை இப்படி நடந்தால் இவர் பார்க்கிற பத்தொன்பது இடங்களையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மரியாதையாகவே சொன்னார். அவர் மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பத்தொன்பது இடங்கள் போய்விட்டால், இருபத்தைந்து கற்களையும் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

புது வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. எந்த வண்டி என்பதுதான் கேள்வி. எங்கள் தேவைக்கு மூன்று வகைதான் சரிப்பட்டன. கண் பிதுங்கின மாதிரி விளக்கு உள்ளதை டிரைவர்கள் தவளை என்பார்கள். சதுரமாக இருப்பது பெட்டி. மூன்றாவதற்கு யாரும் பட்டப்பெயர்கூட வைக்கவில்லை, அவ்வளவு சாதாரணமான முகம்.

வீட்டுக்காரர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, என் ஷெட்டுக்கு வருகிற டிரைவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிக்க ஆரம்பித்தார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கிளட்ச் எப்போது மாற்றினீர்கள், மேட்டில் பாரத்தோடு எந்த கியரில் ஏறும் என்று குடைந்து குடைந்து கேட்டார். ஊசி கோக்க விடாமல் நடுவில் நின்றுகொண்டு கேட்பார். இரண்டு வாரத்தில் நோட்டு நிறைந்தது, ஒரு பயனும் இல்லை. தவளைக்காரர்கள் தவளையைப் புகழ்ந்தார்கள், பெட்டிக்காரர்கள் பெட்டியை. தன் வண்டியை விட்டுக்கொடுத்துப் பேச எவருக்கும் மனசு வரவில்லை. எல்லா வண்டிக்கும் தொண்ணூறு மார்க்குக்குக் குறையவில்லை.

அதில் ரொட்டி சப்ளை செய்கிற டிரைவர் ஒருவர் வாய்ஜாலக்காரர். தவளையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். சொந்தப் பெண்ணுக்கு வரன் பேசினால்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார். வீட்டுக்காரர் மயங்கிவிட்டார். சனிக்கிழமை போய்த் தவளைக்குப் பதிவு செய்துவிடுவதாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அதே ரொட்டிக்காரர் சீட் உறை மாற்ற வந்தார். சீட்டைக் கழற்றும் முன் அதற்குப் பின்னால் இருந்ததையெல்லாம் எடுத்து என் ஷெட் தரையில் வைத்தார். கட்டி இழுக்கிற கயிறு, இரண்டு பெல்ட், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஒரு பழைய பேட்டரி, ஒரு பை நிறைய ஸ்பேனர், குழாய்த் துண்டுகள், அழுக்குப் போர்வை. நான் கத்தரிக்கோல் எடுக்கப் போய், கயிற்றில் கால் சிக்கி விழப்பார்த்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே பார்த்துச் சொன்னேன்:

"என்னங்க, நோட்டை மூடிட்டு இங்க வாங்க. உங்க தொண்ணூறு மார்க் வண்டி எதையெல்லாம் சுமந்துட்டுப் போகுதுன்னு பாருங்க."

வந்து பார்த்தார். குனிந்து கயிற்றைத் தொட்டார். அடிக்கடி அவிழ்த்துக் கட்டியதில் முடிச்சு விழுகிற இடம் மெலிந்து போயிருந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. விடுவிடுவென்று உள்ளே போய்த் தன் மேடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரொட்டிக்காரர் திருதிருவென்று விழிக்க, தரையில் இருந்ததையெல்லாம் அதில் அடுக்கினார். நாற்பத்தொரு கிலோ.

அன்றிலிருந்து அந்தத் தராசு என் ஷெட்டிலேயே குடியேறிவிட்டது. யார் வந்தாலும் சீட்டுக்குப் பின்னால் இருப்பது தராசில் ஏறும். வாய் என்ன சொன்னாலும், ஒருவன் தன் வண்டியை எவ்வளவு நம்பவில்லை என்பது கிலோவில் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பெட்டிக்காரர்கள் இருபதிலிருந்து முப்பதுக்குள் வந்தார்கள். தவளைக்காரர்களில் ஒருவர் ஐம்பதைத் தொட்டார். அதில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும் இருந்தது. நின்ற இடத்திலேயே சமைத்துச் சாப்பிடத் துணிந்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு முட்டை வியாபாரியின் தவளையில் மட்டும் சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரருக்குப் பழைய ஆசை தலைதூக்கியது. நான்தான் மெதுவாக, வண்டி நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று அந்த மனிதரைக் கேட்டேன். மச்சான் மெக்கானிக், ஒரு போன் போட்டால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று பெருமையாகச் சொன்னார். நோட்டில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. அதன்பின், நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதும் கேள்விகளோடு சேர்ந்துகொண்டது.

ஒரு வாரம் கழித்துப் பார்சல் கொண்டுபோகிற டிரைவர் வந்தார். எந்நேரமும் புலம்புகிறவர். அவருடையது பட்டப்பெயர் இல்லாத மூன்றாவது வண்டி. ஏசி சத்தம் போடுகிறது, கதவு ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது, சீட் பலகை மாதிரி இருக்கிறது, வண்டியின் நிறமே பிடிக்கவில்லை என்று, நான் உறை பிரித்து முடிக்கும்வரை வாய் ஓயவில்லை. ஓடியிருந்தது மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர். சீட்டுக்குப் பின்னால் இருந்தவை ஒரு குடை, ஒரு தலையணை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஒரு கிலோ நூறு கிராம்.

வீட்டுக்காரர் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே, வண்டி எங்கேயாவது வழியில் நின்றிருக்கிறதா என்று கேட்டார். டிரைவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"நின்னதா ஞாபகம் இல்லண்ணே. பஞ்சர்தான் ரெண்டு தடவை ஆச்சு. ஆனா அந்த ஏசி இருக்கு பாருங்க..."

நின்றால் யாரைக் கூப்பிடுவாய் என்றதற்கு, அப்படி ஒரு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லையே என்று அதற்கும் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த மாதமே அதே வகை வண்டி வைத்திருந்த இன்னும் நான்கு பேரின் சீட்டுக்குப் பின்னால் இருந்ததை நிறுத்துப் பார்த்தார். நான்கும் ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. பிறகு ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் பெரிய திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இவர் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டுவிட்டார். எஞ்சினும் கியர்பெட்டியும் அந்தப் பார்சல் வண்டியில் உள்ள அதே வகைதான், மாறவில்லை என்று திருப்தியானபின், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் தன் கற்களோடுதான் ஓட்டுவேன் என்றார். பாவம் அந்த விற்பனையாளர், மரியாதைக்கு ஒரு கை பிடித்தார். நான்காவது கல்லில் டையைத் தளர்த்தி உட்கார்ந்துவிட்டார். மீதியை நாங்கள் இருவரும் ஏற்றினோம். மேட்டுச் சாலையில் வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. சீட் பலகை மாதிரிதான் இருந்தது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

புது வண்டியின் முதல் ஓட்டமே அந்த மாவாலைக்குத்தான். காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கிளம்பும்போது பார்த்தால், பழைய வண்டியின் மூட்டை முழுவதையும் சீட்டுக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தார். கயிறு, கேன், பெல்ட் எல்லாம் இருந்தன. பெல்ட் இந்த வண்டிக்குச் சேரவே சேராது. ஊரையே நிறுத்துப் பார்த்த மனிதர் தன்னுடையதை நிறுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு, வந்துவிட்டேன் என்று போன் செய்தார். அதுவரை நான் ஒரு தையல்கூடப் போடவில்லை.

பிறகு மாதத்துக்கு ஒன்றாகச் சாமான்கள் வீட்டுக்குத் திரும்பின. முதலில் பெல்ட், அடுத்து ஒரு கேன், பிறகு பேட்டரி. ஒரு வருஷம் முடிந்தது. பத்தொன்பது இடங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. மேற்பார்வையாளர் இன்னும் மூன்று இடங்களைச் சேர்த்துக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கயிறும் வீட்டுக்கு வந்தது. அதைக் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடக் கட்டினார். கட்டிவிட்டு வந்து, மேஜைமேல் இருந்த என் கைப்பையை எடுத்துத் தராசில் வைத்தார். விளையாட்டுக்குத்தான் வைத்தார். இரண்டு கிலோ முந்நூறு.

என்ன இவ்வளவு என்று திறந்தார். பழைய வண்டி இருந்த காலத்திலிருந்து நான் சுமந்தவை எல்லாம் அப்படியே கிடந்தன. வண்டியின் மாற்றுச் சாவி, நின்ற வண்டியை இழுத்துப் போகிற ரெக்கவரி வண்டிக்காரரின் அட்டை, டார்ச், போனுக்கு பவர் பேங்க், அவருக்கு ஒரு சட்டை. அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எந்தக் கிழமை எந்த ஆலை, எந்தச் சாலை வழியாகப் போவார் என்று என் கையெழுத்தில் எழுதியது. தேட வேண்டி வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிய வேண்டுமே என்று எழுதி வைத்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு பயத்தைத் தூக்கிட்டுத் திரிஞ்சியா? ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க நிறுத்துப் பாக்கலையே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். அட்டையையும் டார்ச்சையும் சாவியையும் நானே எடுத்து வெளியே வைத்தேன். அந்தக் காகிதத்தையும் எடுக்கப் போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, புதிதாகச் சேர்ந்த மூன்று இடங்களையும் அவற்றின் கிழமைகளையும் கீழே எழுதி, மடித்துப் பையில் போட்டார்.