வெர்லின் டக்கெட் தூக்கி நிறுத்திய தோள்கள்

என் வீட்டுக்காரர் வெர்லின் டக்கெட்டுக்குக் கடையில் விற்கிற எதுவுமே சரிப்பட்டு வராது. சாலிஸ் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவர். ஆனாலும் நாட்டில் உள்ள தோட்டாக் கம்பெனிகள் அத்தனையும், படித்த பொறியாளர்களுக்குச் சம்பளம் கொட்டிக் கொடுத்தும், தோட்டாவின் தோளைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டன என்பதை இவர்தான் கண்டுபிடித்தார். பாவம், கம்பெனிக்காரர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

தோட்டாவின் பித்தளைக் கூடு சின்னப் பாட்டில் மாதிரி இருக்கும். கழுத்துக்குக் கீழே சரிந்து இறங்குகிறதே, அதற்குத்தான் தோள் என்று பெயர். கடைத் தோட்டாவின் தோள் வேலை போன ஆளின் தோள் மாதிரி தொங்கிக் கிடக்கிறதாம். வெர்லின் அதை நிமிர்த்தி, கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பார். அப்படிச் செய்தால் உள்ளே வெடிமருந்து கூடுதலாகப் பிடிக்கும். எவ்வளவு கூடுதல்? இரண்டு விரலில் எடுக்கிற ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகைக்காக எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதியைக் கார் ஷெட்டில் கழித்தார். முன்பு கடைத் தோட்டாவில் விழுந்த மான்கள் இப்போது இவர் தோட்டாவில் விழுந்தன. மான்கள் யாரும் வித்தியாசம் சொன்னதாகத் தெரியவில்லை.

எந்தக் கம்பெனிக் கூட்டை எடுத்துத் திருத்துவது என்பதே வருஷக்கணக்காக நடக்கிற விவகாரம். என் தம்பி ராய்ஸ் காலைப் பலகாரத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும், முட்டை ஆறிப்போகும்வரை இவர் விடமாட்டார்.

"கூடு நல்லதா அமையணும்யா. கல்யாணம்னா குடும்பத்தப் பாக்கறோம்ல, அது மாதிரி."

"நீ எங்க குடும்பத்தப் பாத்துட்டா அக்கா ஆர்டிஸக் கட்டிக்கிட்ட?"

"பாத்திருந்தா கட்டியிருப்பனா?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சட்டியைத் தேய்க்கிறவள் நான்.

கூட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு என் சமையலறைக்குச் சனி பிடிக்கும். குண்டு இல்லாத கூட்டில் கொஞ்சம் மருந்து, அதன்மேல் நான் கஞ்சிக்கு வைத்திருக்கும் கோதுமை ரவை, வாயில் மெழுகு. தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டால் பித்தளை உப்பிப் புதுத் தோள் வந்துவிடும். ரவையும் வந்துவிடும், என் காயப்போட்ட துணிமேல். நான் வாங்குகிற ரவையைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் ஒருநாள், "உங்க வீட்ல எத்தனை கைக்குழந்தைங்க, ஆர்டிஸ்?" என்று கேட்டார். "ஒண்ணுதான். ஐம்பத்தி நாலு வயசாகுது" என்றேன்.

செய்த ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டு விழாவும் உண்டு. முதலாவதுக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார்: டக்கெட் இருபத்தைந்து. இருபத்தைந்து என்பது குண்டின் பருமன். ஊரில் இவரைப் போல இன்னும் நாலைந்து பைத்தியங்கள். அவரவர் பெயரில் அவரவருக்கு ஒரு தோட்டா. உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத தோட்டா என்பதுதான் பெருமை. தன் அளவுக்குச் சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காவிட்டால் அதைப் பெருமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த வருஷம் எனக்கு மலையாட்டு வேட்டைச் சீட்டு விழுந்தது. வளைந்த கொம்புக் கிடா. எங்கள் இடாஹோ மாநிலத்தில் குலுக்கலில் பெயர் வந்தால்தான் சுடலாம், அதுவும் ஆயுசுக்கு ஒரு கிடாதான். கல்யாணமான நாளிலிருந்து வருஷம் தவறாமல் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பா சாகிறவரை போட்டார், விழவில்லை. எனக்கு விழுந்ததும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். முட்டி தேய்ந்துபோய்விட்டது, அடுத்த வருஷம் அந்த மலையில் என்னால் ஏற முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"உனக்குன்னே ஒண்ணு செஞ்சு தரேன்," என்றார் வெர்லின். கண்ணில் அப்படி ஒரு ஒளி. கல்யாணத்தன்றுகூட அதை நான் பார்த்ததில்லை.

செய்தார். என் தோள் வலிக்காதபடி இதமாக உதைக்கிற துப்பாக்கி. அதற்கு ஏற்ற தோட்டாவுக்கு ஆர்டிஸ் இருபத்தைந்து என்று என் பெயர். அதுவும் அவருடையதைச் செய்கிற அதே கம்பெனிக் கூட்டில் செய்ததுதான். அடியில் அதே முத்திரை. என்னுடையதன் தோள் தலைமுடி அளவு பின்னால் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தோளை அமுக்கி உருவாக்கும் எஃகு அச்சுகள் இரண்டும் ஒரே அலமாரியில், அடையாளம் எதுவும் இல்லாமல் கிடந்தன.

"ஒரு பேரு எழுதி ஒட்டேன், வெர்லின்."

"பெத்தவளுக்குத் தன் புள்ளைங்கள அடையாளம் தெரியாதா?"

"சரி, செஞ்சத ஒருதரம் என் துப்பாக்கில போட்டு மூடியாவது பாத்துடு."

"போட்டு எடுத்தா பளபளப்புல கீறல் விழுந்துடும். சும்மா இரு."

சும்மா இருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஏறினோம். வெர்லின், நான், சாமான் சுமக்க ராய்ஸ். ராய்ஸ் தோளில் அவனுடைய பழைய துப்பாக்கி. இரும்புக்கடையில் ஆணி வாங்கும்போது கூடவே வாங்குகிற தோட்டா. வழி நெடுக வெர்லின் அவனை விடவில்லை.

"அத எதுக்குய்யா தூக்கிட்டு வர்ற? கூடாரத்துக்கு முட்டுக் குடுக்கவா?"

"கரடி வந்தா? உன் தோட்டாவோட தோளப் பாத்துப் பயந்து ஓடிடுமா?"

மதியத்துக்கு மேல் பாறைத் திட்டில் ஒரு கிடா வந்து நின்றது. தனியாக. கொம்பு ஒரு முழு வட்டம் சுற்றி வந்திருந்தது. ஆர்டிஸ் இருபத்தைந்தை உள்ளே போட்டுத் துப்பாக்கியின் தாழ்ப்பாளைத் தள்ளினேன். பாதியில் நின்றது. வேறொன்றைப் போட்டேன். அதுவும் நின்றது.

"அமுக்கு," என்றார் காதோரம்.

"அமுங்கல, வெர்லின்."

அவரே வாங்கிப் பார்த்தார். ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். அவருடைய அச்சில் செய்த தோட்டாக்கள். பெற்றவளுக்குப் பிள்ளை அடையாளம் தெரியவில்லை. டக்கெட்டின் தோளோடு ஆர்டிஸின் துப்பாக்கிக்குள் அது எப்படிப் போகும்?

ராய்ஸ் சத்தம் போடாமல் தன் துப்பாக்கியை நீட்டினான். வெர்லின் அதைக் கையால் தடுத்தார்.

"வேணாம் ஆர்டிஸ். ஆயுசுக்கு ஒரே ஆடு. அதப் போயி இரும்புக்கடைத் தோட்டாவுலயா? நான் இப்பவே எறங்கிப் போறேன். நாளைக்குள்ள வேற செஞ்சு எடுத்துட்டு வந்துடறேன். உன் கால்ல விழறேன்."

அழுதுகொண்டிருந்தார் மனுஷர். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தப் பாறையிலிருந்து பிடித்துத் தள்ளலாம் போலவும் இருந்தது.

"கிடா நாளைக்கு வரேன்னு சொல்லுச்சா?" என்று கேட்டேன்.

அவர் கையை விலக்கி ராய்ஸின் துப்பாக்கியை வாங்கினேன். மூச்சை விட்டேன், சுட்டேன். கிடா நின்ற இடத்திலேயே மடிந்தது. துப்பாக்கி கழுதை மாதிரி உதைத்தது, தோள் ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கும்போது தலையையும் கொம்பையும் வெர்லினே சுமந்தார், ராய்ஸிடம் கொடுக்கவில்லை.

கிடா கொம்பை வனவிலங்கு ஆபீஸில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே வெர்லினின் சகாக்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஆர்டிஸ் இருபத்தைந்து எப்படி வேலை செய்தது என்று கேட்கத்தான் அத்தனை கூட்டமும். ஆபீஸர் அம்மாள் பேனாவை எடுத்து, "எதுல சுட்டீங்க, ஆர்டிஸ்?" என்றாள்.

எவ்வளவு வருஷத்து ரவை! எவ்வளவு வருஷத்து ஆறிப்போன முட்டை! எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க வார்த்தை நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதற்குள் வெர்லின் முன்னால் வந்தார்.

"ராய்ஸோட துப்பாக்கி. கடைத் தோட்டா. ஒரே வேட்டு. நான் செஞ்சு குடுத்தது உள்ளயே போகல. அச்சு மாறிப்போச்சு. போட்டுப் பாருன்னு அவ சொன்னா, நான் கேக்கல."

அந்த ஊரில் எந்த ஆண்பிள்ளையும் அதுவரை சொல்லாத வாக்கியம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சகா தொண்டையைச் செருமிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"தோள் எவ்ளோ தள்ளிப் போயிருந்துச்சு?"

அவ்வளவுதான். தோட்டா கைக்குக் கை மாறியது. ஒருவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார், இன்னொருவர் அளவுகோலை எடுத்தார். ஆயுசுக்கு ஒரே கிடா மேஜைமேல் கிடக்கிறது, ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபீஸர் அம்மாள் மட்டும், "நல்ல கெடா" என்றாள். அவளுக்கு அது சம்பளம் வாங்குகிற வேலை.

வந்த ஆத்திரத்தில் கொம்பைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டேன். மடியில் அதை வைத்துக்கொண்டு, இந்த மனுஷரைப் போய்க் கட்டிக்கொண்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெர்லின் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கொம்பின் அடியிலிருந்து நுனிவரை, அந்த வளைவு முழுக்க, கையால் மெல்லத் தடவினார்.

"இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆர்டிஸ்," என்றார்.

கொம்பைத்தான் சொன்னார். இருந்தாலும் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.