பொழிச்சலூர் வண்டி

எங்கள் வாசலில் இப்போது நிற்கும் பிக்கப் வண்டி கேளம்பாக்கத்தில் வாங்கியது. அது கிளம்பினால் பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து உட்காரும். வலது கதவை உள்ளேயிருந்து உதைத்தால்தான் திறக்கும். அது விடும் டீசல் புகையில் தெருவுக்கே கொசு மருந்து மிச்சம் என்று என் கணவரே கிண்டல் செய்வார். இதைவிட எல்லா விதத்திலும் நல்ல வண்டி ஒன்று அதே வாரம் கிடைத்தது. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் செய்தவள் நான்தான் என்று நாத்தனார் இன்றும் சொல்கிறாள். சொல்லட்டும்.

கணவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஓட்டுநராக இருந்தவர். நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, மூன்று மாதம் படுத்து எழுந்தபோது வேலை போயிருந்தது. இனி அவர் ஸ்டியரிங்கையே தொட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தார். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றலாம், பழைய பிக்கப் ஒன்று போதும் என்றார். சாமானை ஆள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், தூரமாகப் போகக்கூடாது என்று இரண்டு சத்தியம் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். பயம் மட்டும் போகவில்லை. அவர் குளிக்கப் போனால்கூடத் தண்ணீர் விழும் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் சமைப்பேன்.

முதலில் கேளம்பாக்கம் வண்டியைப் பார்த்தோம். விற்றவர் வாய் மூடவேயில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார், ஹாரனைப் பத்துத் தரம் அடித்துக் காட்டினார். "கண்ண மூடிகினு ஓட்லாம்கா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவா ஆஸ்பத்திரியில் அந்தப் பாடு பட்டோம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் பொழிச்சலூர். தகரக் கொட்டகைக்குள் வெள்ளை வண்டி. ஒரு கீறல் இல்லை. அதன் சொந்தக்காரர் ஐம்பது வயதுக்காரர், வெளுத்த சட்டை. எங்களைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர "வாங்க" என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவரை வா என்று கேட்காத வீட்டில் என்ன வியாபாரம் என்று எனக்கு அங்கேயே சுருக்கென்றது. கணவர் சாவியைத் திருகினார். விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அது போன பிறகும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. "ஸ்டார்ட் ஆகலையா?" என்றேன். "ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார் கணவர், குழந்தையைப் போலப் பூரித்துக்கொண்டு.

ஹாரனை அழுத்தினார். அதுவும் பேசவில்லை.

"கட் பண்ணி வெச்சிருக்கேன் சார். அடிக்கிறதில்ல" என்றார் சொந்தக்காரர்.

"ரோட்டுல எப்படிப் போவீங்க?"

"வழி வுட்டுடுவாங்க."

பின்பக்கத் தரையில் நான்கு வட்டத் தழும்புகள் இருந்தன. கனமான எதையோ தினமும் ஒரே இடத்தில் வைத்துத் தேய்ந்த தழும்பு. முன்னாலிருந்து ஒரு கரண்ட் ஒயர் அங்கே வந்து முடிந்தது. ஐஸ்கிரீம் கம்பெனிக்கு ஓடிய வண்டியாக இருக்கும் என்றார் கணவர். அதை நான் நம்பினேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அடியில் சிக்கியிருந்த காய்ந்த ரோஜா இதழை என் கையாலேயே எடுத்து வெளியே போட்டேன்.

புறப்படும்போது கணவர் வழக்கம்போல "போயிட்டு வரோம்ணா" என்றார். அந்த மனிதர் வேண்டாம் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்கூட்டரில் பம்மல் வரும்வரை நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். "மனுஷனையா வாங்கப் போறோம், வண்டியத்தானே" என்றார் கணவர். நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, மாலைக்குள் முடிவு சொல்வதென்று பேச்சு.

நாங்கள் அனகாபுத்தூரில் இந்தத் தெருவுக்குக் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவரை இங்கே சாவு எதுவும் விழவில்லை. அதனால் அந்த வண்டியைத் தெரியாத வீடு எங்கள் வீடு மட்டும்தான்.

ஞாயிறு காலை அவர் மட்டும் போய் ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. வியர்வையோடு உள்ளே வந்தவர், "குளிச்சிட்டு வரேன்" என்று பின்பக்கம் போனார். நான் அடுப்பில் உலையை வைத்திருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா எப்போதும் கேட்டருகிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். அன்று ஓசையில்லாமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் காஸ் அடுப்பை அணைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவள் பின்னாலேயே இன்னும் நான்கைந்து பெண்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். யார் கண்ணும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். "யாருக்கு என்னக்கா?" என்று கேட்பதற்குள் உயிர் போய்விட்டது.

அக்கா என் முதுகைத் தடவினாள். "மனச தேத்திக்கம்மா. வூட்டுக்காரருக்கு எப்ப ஆச்சு? காலீலகூட பால் வாங்கிகினு போனாரே. பொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், பின்பக்கம் தண்ணீர் சத்தம் இல்லை. எத்தனை நேரமாக இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதோ என்று அந்தக் கணத்தில் நிஜமாகவே நம்பினேன். எழுந்து போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. இவர்கள் சொன்னபடியே அழுதுவிடலாமா என்றுகூட இருந்தது.

கதவு திறந்தது. ஈரத்தலையும் துண்டுமாக வந்து நின்றார். "என்ன, எல்லாரும் வந்திருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. தெருமுனைப் பூக்காரம்மா அப்போதுதான் வாசலில் நுழைந்தாள், கையில் பெரிய ரோஜா மாலையோடு. அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"ஐஸ் பொட்டி வண்டி வந்து நிக்குதே சார்" என்றாள். "பொணத்த வைக்கிற பொட்டி. பம்மல்லேர்ந்து இந்தாண்ட எந்த வூட்ல சாவுன்னாலும் அந்த வண்டிதான் வரும், சுடுகாட்டுக்கும் அதுலதான் எத்துனு போவாங்க. அதான்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "நல்ல எஞ்சின்... ஓட்டம் ரொம்பக் கம்மி" என்று முனகினார். அத்தனை பேர் முன்னால் நான் அவரிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றவரை ஒரு வாய்கூடச் சாப்பிட விடவில்லை. இப்போதே கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

மாலையை எடுத்துப்போகச் சொன்னதற்குப் பூக்காரம்மா மறுத்துவிட்டாள். "சாவுக்குன்னு கட்டுனத திருப்பி எத்துனு போகக்கூடாதும்மா." வீட்டுக்குள் வைக்க எனக்கு மனமில்லை. கடைசியில் அவளே அதைக் கொண்டுபோய் வண்டியின் பின்பக்கம் போட்டாள்.

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். தெருவே வெளியே வந்திருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், ஓட்டப்போவதே அவர்தான். இருந்தும் வண்டி அசைந்ததும் ஆண்கள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். சத்தமே இல்லாமல் அது நடுத்தெருவில் நகர்ந்தது.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போயிட்டு வரேன்" என்றார்.

"சரி, வாங்க" என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அந்த வண்டியில் அவரைத் தனியாக அனுப்ப முடியாது என்பது மட்டும் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"இருங்க, இருங்க, நானும் வரேன்" என்று கத்திக்கொண்டே போய் வண்டிக் கதவைப் பிடித்தேன்.

அந்தச் சொல்லை, அந்த வண்டியின் பின்னால், இந்தத் தெரு எத்தனை பெண்கள் வாயிலிருந்து கேட்டிருக்குமோ தெரியாது. எனக்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.