சீதன வீட்டு வாசலில் ஒரு ஜீப்

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. பிறப்பது உம்மாவின் வீட்டில், கலியாணம் முடித்துப் போவது பெண்சாதியின் வீட்டுக்கு. மகளுக்குக் கலியாணம் வந்தால் அந்த வீட்டையும் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மருமகன் உள்ளே வர, நாமும் பெண்சாதியும் பின்வளவில் ஒரு அறை கட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். இதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை என்று கலியாணம் முடித்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டுதான் வருகிறேன். கந்தோர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்ன ஜீப் வாங்கினேன். என் பெயரில் இருக்கிற, கதவு வைத்த ஒரே பொருள் அதுதான்.

ஒருமுறை அறுகம்பேயில் ஒரு வெள்ளைக்காரச் சோடியைக் கண்டேன். இதே மாதிரி ஜீப்பின் பின் இருக்கையை மடித்து, மெத்தை போட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கேட்டால் மூன்று மாதமாக அதில்தான் குடியிருப்பாம். அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரேயொரு இரவு, யாருடைய வீடும் இல்லாத ஒரு இடத்தில் நானும் படுக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். பெண்சாதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அறுகம்பேக்குப் போய் மௌத்தாகிறதுக்கு முந்தி, நம்முட வாசல்ல ஒருக்காப் படுத்துப் பாருங்க. உயிரோட எழும்பினாப் போங்க."

நியாயமான பேச்சு. ஆனால் நான் ஒத்திகைக்குத் தேர்ந்தெடுத்த கிழமைதான் பிழையாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை பாலமுனையில் இருந்து மகளுக்குச் சம்பந்தம் முடிவு செய்ய வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை, மகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் மாஸ்டர். மகள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வருவதற்காக வீட்டுக் கதவு, ஜன்னல் சீலைகளை எல்லாம் இரண்டு தரம் தோய்த்துப் போட்டிருந்தாள். கேட்கத் தேவையில்லை.

உள்வளவு முழுக்க நெல் காயப்போட்டிருந்ததால் ஜீப் வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் நின்றது. இரவு இஷா தொழுதுவிட்டு வந்து, சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினேன். மடித்த இருக்கைக்கும் பின் தட்டுக்கும் நடுவில் ஒரு வரம்பு இருக்கிறது. அதை எந்த விளம்பரத்திலும் காட்டமாட்டார்கள். வயல் வரம்பு மாதிரி, சரியாக முதுகெலும்புக்குக் கீழே. காலை நீட்டினால் தலை இடிக்கும், தலையை இறக்கினால் கால் கண்ணாடியில் முட்டும். கண்ணாடியை மூடினால் வேர்வை, திறந்தால் நுளம்பு. அந்த வெள்ளைக்காரர்களுக்கு நுளம்பு கடிக்காதா, அல்லது கடிபடுவதும் உல்லாசப் பயணத்தில் சேர்த்தியா என்று யோசித்தபடியே எப்படியோ கண்ணயர்ந்துவிட்டேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் போகிற பள்ளிவாசல் மோதினார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். என் இரண்டு உள்ளங்காலும் கண்ணாடியில் ஒட்டியிருந்திருக்கின்றன.

"என்ன காக்கா, இஞ்ச படுத்திரிக்கீங்க?"

"சும்மா. படுத்துப் பாத்த."

உண்மையைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பெண்சாதியின் வீட்டு வாசலில் ஒருவன் ஜீப்புக்குள் படுத்துக் கிடந்தால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். மோதினார் "அல்லா போதுமானவன்" என்று என் தோளைத் தடவிவிட்டுப் போனார்.

வெயில் ஏறுமுன்னம் என் தாத்தா அழுதுகொண்டு வந்துவிட்டாள். தாத்தா என்றால் என் மூத்த சகோதரி. "எங்கட வீட்டுல ஒரு அறை இரிக்கி தம்பி, நான் மச்சான்ட்டக் கேட்டிட்டன்" என்றாள். மச்சான் ஓம் சொன்னாரா என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னேரம் அசருக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மார் இரண்டு பேர் சமாதானம் பேச வந்தார்கள். பெண்சாதி கதவுக்குப் பின்னால் நின்று, "நான் ஒத்தரையும் தொரத்தல்ல" என்றாள்.

"ஓம் ஓம், கோவம் ஆறினாப் பொறகு எல்லாரும் அப்பிடித்தான் செல்ற" என்று அவர்கள் தலையாட்டினார்கள். பிளேன்டி குடித்தார்கள். பொறுமையைப் பற்றி எனக்கு நீளமாக எடுத்துச் சொன்னார்கள்.

அவர்கள் போனதும் பெண்சாதி வெளியே வந்தாள். "சண்ட புடிக்கிற ஊட்டுக்கு ஆரு மாப்பிளை தருவாங்க? இந்தக் கலியாணம் கொழம்பினா நீங்க அந்த ஜீப்புலயே குடியிரிங்க." மகள் அறைக்குள் இருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டது. வெள்ளி வரைக்கும் இருந்த மூன்று நாளும் நான் ஜீப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். வந்தவர் கதிரையில் இருக்காமல் நேரே ஜீப்படிக்குப் போய்ப் பின்கதவைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார், கையால் அமர்த்திப் பார்த்தார்.

"கேள்விப்பட்டன்" என்றார். "பின்வளவுல ஒங்களுக்குக் கட்டுற அறை அத்திவாரத்தோட நிக்கிதாமே. அது முடியிறவரைக்கும் காத்திரிக்காம, மகளுக்கு ஊட்ட விட்டுட்டு வெளிய படுத்துப் பழகிறீங்க. மாஷா அல்லாஹ். எங்கட பக்கத்துல ஒத்தர் மகள்ட கலியாணம் முடிஞ்சும் நடு அறைய விட்டு எழும்பல்ல. ஒங்களப் போல மனிசரக் காண ஏலா."

நான் வாயைத் திறந்தேன். பெண்சாதி கதவுக்குப் பின்னால் இருந்து இருமினாள். மூடிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் தாமதிக்கத் தேவையில்லை என்று, நோன்புக்கு முன்னமே கலியாணம் என முடிவாயிற்று. அதற்குள் எங்கள் அறை கட்டி முடியாது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மகள் சிரித்த முகத்தோடு வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

அவர்கள் போன பின் நான் ஜீப்பைப் பூட்டப் போனேன். பெண்சாதி பின்னாலேயே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் படுக்க ஏலுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆம்பிளைக்கு ஊடு இல்ல, ஊடு இல்ல எண்டு நெடுகச் செல்றீங்க. நீங்க வேற ஊட்டுல இரிந்து வந்த மனிசன். போய்ப் பழக்கம். நான் இந்த ஊட்டுல பொறந்து, ஒரு ராவும் வேற எடத்துல படுக்கல்ல."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெல்ல ஏறினாள். அந்த வரம்பு முதுகில் குத்தியிருக்க வேண்டும், முகம் சுழித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் ஒதுங்கிப் படுக்கிறவள் மாதிரி ஒரு ஓரமாகச் சரிந்து, எனக்கு இடம் விட்டாள்.