ஒன்பதாம் நம்பர் விரிப்பு

பெரியக்காவின் வலது கை நடுவிரல் ஆறு மாதமாக அடம் பிடித்துக்கொண்டிருந்தது. மடங்கினால் நிமிராது. காலையில் பல் துலக்கி முடித்தபின் பிரஷ்ஷை விட முடியாமல் நிற்பாள். இடது கையால் விரலைப் பிடித்து நிமிர்த்தினால் 'டக்'கென்று விடும். லிஃப்ட் ரிப்பேர் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு போல. உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா பாரு" என்பார்.

முதல் மாதம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பச்சை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. அங்கே எல்லோருக்கும் அவள் பெரியக்கா. விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நெட்டையும் பிடித்து உதறுவார்கள்; பிறகு ஆளுக்கொன்றாக மடிப்பார்கள். நெட்டைக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு, உயரம் ஒரு முழம் அதிகம். மேலே தியேட்டரில் இருக்கிறவர்கள் ஒரே இழுப்பில் விரிக்கும்படி மடிக்க வேண்டும். கிருமி நீக்கிப் போகும் துணி; விரிக்கும்போது வேறு எதிலும், வெறுங்கையிலும்கூட, அது படக்கூடாது. மடித்தவர் தன் எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். பெரியக்கா ஏழு, நெட்டை ஒன்பது.

இதெல்லாம் சுவரில் எழுதி மாட்டியிருந்த விதிகள். மாட்டாத விதி ஒன்றும் பெரியக்காவிடம் இருந்தது. கடைசி மடிப்பை அழுத்தும்போது வாய்க்குள் சொல்வாள்: "இதுக்கு அடியில படுக்கிறவங்க எழுந்து வீட்டுக்குப் போகணும்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்காரருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது, வாசலில் நின்றவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தபோது வாயில் வந்தது இது. பிறகு நிற்கவில்லை.

"இந்த இரைச்சல்ல கடவுளுக்கு என்னக்கா கேக்கப் போகுது?" என்பாள் நெட்டை.

"கேக்குதோ இல்லையோ, நம்ம பக்கத்துல பாக்கி வைக்க வேணாம்."

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு மடிச்சிடுவேன்."

விரல் மோசமானதும் மடிப்புகள் கோணின. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான்; நல்ல மனிதராகவே சொன்னார். "ஆபரேஷன் பண்ணிப் பாருங்கம்மா. சரியாகலைன்னா அழுக்குத்துணி வண்டிப் பக்கம் மாத்திக்கலாம். சம்பளம் குறையாது." பெரியக்கா தலையாட்டினாள். அழுக்குத்துணி வண்டியை யாராவது தள்ளித்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே மடிப்பு கிடையாது. மடிப்பு இல்லாத இடத்தில் அந்த ஒரு வரியை எதன்மேல் சொல்வது?

ஆபரேஷன் சின்னதுதான். காலையில் போய் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். உள்ளங்கையில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள்.

"எலி கடிச்ச மாதிரி இருக்குமாம்" என்றார் வீட்டுக்காரர், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"உங்களை எப்ப எலி கடிச்சுது?"

"கடிச்சா எப்படி இருக்கும்னு ஒரு கணக்குத்தான்." அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் மாடியை அவள் அதுவரை பார்த்ததில்லை. தியேட்டர் குளிராக, அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. இவ்வளவு துணியும் இந்த அறைக்கா வந்தது என்று தோன்றியது. படுத்துக் கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். பத்தொன்பது வருடம் தடுக்காத வரி தனக்கென்றதும் தடுக்கியது. 'நான் எழுந்து வீட்டுக்குப் போகணும்' என்பது கடைக்காரரிடம் கூடக் கொஞ்சம் போடச் சொல்வதுபோல இருந்தது.

பருமனான நர்ஸம்மா விரிப்புக் கட்டைப் பிரித்துச் சீட்டைச் சத்தமாகப் படித்தார். "தேதி சரி. முத்திரை சரி. மடிச்சது ஏழு."

பெரியக்கா கண்ணைத் திறந்தாள். "ஏழு நான்தான்."

"நீங்களா? உங்க கட்டுன்னா கண்ணை மூடிக்கிட்டு விரிக்கலாம்னு நாங்க பேசிப்போம்." நர்ஸம்மா முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. ஒரே இழுப்பு, விரிப்பு அவள் மேல் இறங்கியது.

போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ, வலிக்கிற விரலோடு இதை மடித்துச் சொன்னதுதான் இன்று தனக்கே வந்திருக்கிறது. தனியாகக் கேட்க வேண்டியதில்லை. உடம்பு தளர்ந்தது. அந்த நிம்மதியில்தான் பார்த்தாள்: ஓரத்தில் ஒரு முனை உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. அவள் யோசிப்பதற்குள் இடது கை போய் அதை இழுத்து நேராக்கி, தட்டியும் விட்டது.

நர்ஸம்மா கையை நீட்டித் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அம்மா," என்றார் டாக்டர் மெதுவாக, "அதை நீங்க தொடக்கூடாது."

"தெரியும் டாக்டர். கை தானா போயிடுச்சு."

விரிப்பை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டார்கள். நர்ஸம்மா இன்னொரு கட்டைப் பிரித்தார். "தேதி சரி. முத்திரை சரி. ஒன்பது."

ஒன்பது நெட்டை. ஒரு வார்த்தை சொல்லாமல் மடிக்கிறவள். பெரியக்கா தனக்கென்று வந்ததைத் தானே தட்டிக் கெடுத்துவிட்டு, வெறுந்துணிக்கு அடியில் படுத்திருந்தாள்.

ஊசி எலி கடித்த மாதிரி இல்லை. எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அப்புறம் யாரோ பக்கத்து வீட்டில் நடமாடுவதுபோல் உள்ளங்கையில் ஏதோ நடந்தது. பத்து நிமிடம் இருக்கும்.

"விரலை மடக்குங்க" என்றார் டாக்டர். "ம். இப்ப நிமிர்த்துங்க."

நிமிர்த்தினாள். 'டக்'குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி மடக்கி நிமிர்த்தினாள்.

"போதும்மா, தையல் போடணும்."

டாக்டருக்கு நன்றி சொன்னாள். நர்ஸம்மாவுக்குச் சொன்னாள். கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் சொன்னாள். இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்காமலே கொடுத்தவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், விரிப்பின்மேல் அடித்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டுக்குப் போகும் முன் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும் என்றாள். "லிஃப்ட்ல போலாமா, இல்ல அதையும் கையால நிமிர்த்தணுமா?" என்று கேட்டபடி வீட்டுக்காரர் கூட வந்தார். அவர் கால் ஆடுவது நின்றிருந்தது.

நெட்டை அவள் கைக்கட்டைப் பார்த்தாள். "நிமிருதா?"

"நிமிருது. உன் விரிப்புதான் என் மேல விழுந்துது. என்னோடதை நானே தொட்டுக் கெடுத்துட்டேன்."

"நீயா? புதுசா வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கற நீயா?" நெட்டை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "அப்ப நல்லதாப் போச்சு" என்றாள்.

"என்ன நல்லது?"

"உனக்குத் தேதி குடுத்த நாள்லேர்ந்து ஒவ்வொண்ணுலயும் சொல்லிட்டுத்தான் மடிக்கறேன். எது உனக்கு வரும்னு யாருக்குத் தெரியும்? வாய் ஓஞ்சு போச்சு."

"என்னன்னு சொன்ன?"

"'இதுக்கு அடியில பெரியக்கா எழுந்து வரட்டும், ரெண்டு முனையையும் நான் ஒருத்தியா பிடிக்க முடியாது'ன்னு."

"அடியே, வேற யாராவது படுத்திருந்தா?"

"அவங்களும் பெரியக்காவா இருந்துட்டுப் போகட்டும்."

மேசையில் அரைகுறையாகக் கிடந்த விரிப்பைத் திரும்பிப்போய் எடுத்தாள் நெட்டை. பெரியக்கா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தேதியெல்லாம் முடிந்துவிட்டது, இனிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நெட்டை கடைசி மடிப்பை அழுத்தினாள். இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு சீட்டை எடுத்து ஒன்பது என்று எழுதினாள்.